தைப்பூசம் பட்டியலில் இல்லை. நான் கையெழுத்துப் போடலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தொழிற்சாலை, குடியிருக்கும் தாமான் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் இவருடையது. தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபோது பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கையுறைத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறார். இப்போது லைன் லீடர், அதாவது ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே இருக்கும் 24 பேரில் பத்துப் பேர் தமிழர்கள். மற்றவர்கள் மலாய்க்காரப் பெண்களும் நேப்பாளத் தொழிலாளர்களும்.

இதுவரை ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்தன்று தொழிற்சாலை மூடப்பட்டது. இவ்வாண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய விடுமுறைப் பட்டியலில் தைப்பூசம் இல்லை. அதற்குப் பதிலாகச் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தாண்டு வாரத்தில் ஆர்டர் குறைவு என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். தைப்பூசத்துக்குப் போக விரும்புபவர்கள் ஆண்டு விடுப்பு எடுக்கலாம், ஆனால் ஒரு லைனில் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை. இப்போது அவர் மேசையில் ஒன்பது விடுப்பு விண்ணப்பப் பாரங்கள் கிடக்கின்றன. பத்தாவதை அவர் இன்னும் எழுதவில்லை, ஏனென்றால் அது அவருடையது. தன் கணவரின் நோய் தீர்ந்ததற்காக ஈப்போ குனோங் சீரோ முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறார்.

இதற்கிடையே மனிதவள அதிகாரி ஒரு தாளை நீட்டி, “லைன் சார்பில் மாற்று விடுமுறைக்குச் சம்மதம்” என்று கையெழுத்துக் கேட்கிறார். இரண்டு பெண்கள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்துக்கொண்டு போகப் போவதாகக் காதில் விழுந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளோ, “மதச்சார்பற்ற சமுதாயத்தில் எந்த மதத்துக்கும் அரசாங்கம் விடுமுறை தரக்கூடாது அம்மா, எல்லாருக்கும் பொதுவாகப் பத்து நாள் கொடுத்துவிட்டால் சண்டையே வராது” என்கிறார். இவற்றையெல்லாம்விட அவரைத் தூங்கவிடாமல் செய்தது, உடன் வேலை செய்யும் தமிழ்க் கிறிஸ்தவத் தோழி சாப்பாட்டு நேரத்தில் கேட்ட கேள்விதான்: “உங்களுக்கு இத்தனை வருடம் கிடைத்தது. எனக்குப் புனித வெள்ளி ஒரு முறையாவது கிடைத்திருக்கிறதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “பேராக் அரசாங்கமே அறிவித்த விடுமுறையைத் தனியார் முதலாளி எப்படிப் பறிக்க முடியும்?” நியாயமான ஆத்திரம். நம் மக்களில் பெரும்பாலோர் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். ஆனால் சட்டம் அப்படி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த நம்பிக்கையோடு நீங்கள் நிர்வாகத்தின் முன் போய் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே பேச்சு முறிந்துவிடும்.

தைப்பூசம் பேராக்கில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பொது விடுமுறை. அதனால் பள்ளிகளும் மாநில அரசு அலுவலகங்களும் மூடியிருக்கும். தனியார் துறைக்கு வேறு கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவின்படி, ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சம்பளத்துடன் 11 பொது விடுமுறைகள் கிடைத்தாக வேண்டும். அவற்றில் ஐந்தை யாரும் மாற்ற முடியாது: தேசிய தினம், பேரரசரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மிச்சம் ஆறு நாட்களை, அரசிதழில் உள்ள விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். ஆகவே தைப்பூசத்தை விட்டுவிட்டு வேறொரு நாளை எடுத்தது, அந்த அளவில் மட்டும் பார்த்தால், சட்டமீறல் அல்ல. தைப்பூசம் பட்டியலில் இல்லாதபோது அன்று வேலை செய்தால் கூடுதலாக இரண்டு நாள் சம்பளம் வரும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். அது பட்டியலில் உள்ள விடுமுறை நாட்களில் வேலை வாங்கினால் கிடைப்பது.

அரசியலமைப்புச் சட்டத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 11ஆவது விதி மதச் சுதந்திரம் தருகிறது, 8ஆவது விதி மதத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது; இரண்டும் உண்மை. ஆனால் இந்த உரிமைகள் அரசாங்கத்துக்கு எதிராக நமக்குள்ள காப்பு. தனியார் முதலாளிக்கு எதிராக அவற்றை நேரடியாகப் பயன்படுத்த முடியாது என்று 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அது இன்றைய நிலை, உங்கள் மனுவை அதன்மேல் கட்ட வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். உங்கள் கையில் வேறு பிடிகள் இருக்கின்றன.

பட்டியல் எப்போது ஒட்டப்பட்டது?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாளி தேர்ந்தெடுக்கும் ஆறு நாட்களை, ஆண்டு தொடங்குவதற்கு முன்பே, வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் பட்டியல் ஜனவரி இரண்டாம் வாரத்தில் வந்திருக்கிறது. தாளின் மூலையில் தேதியும் கையெழுத்தும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை முழுவதும் தெரியும்படி ஒன்று, தேதி தெளிவாகத் தெரியும்படி ஒன்று. போன ஆண்டுப் பட்டியலின் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் வாங்குங்கள்.

அடுத்து, உங்கள் நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். 19 ஆண்டுக்கு முந்தைய தாள் என்று அலட்சியம் வேண்டாம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதைவிட நல்ல நிபந்தனையை ஒப்பந்தம் தந்திருந்தால் ஒப்பந்தமே நிற்கும். அதில் தைப்பூசம் பெயர் சொல்லி இடம்பெற்றிருந்தால், அல்லது தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தால், நிர்வாகம் தன்னிச்சையாக நீக்க முடியாது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

பட்டியலில் உள்ள ஆறு நாட்களில் எதையும் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அது முதலாளிக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையிலான சம்மதம். 24 பேரின் சம்மதத்தை லைன் லீடர் என்ற முறையில் நீங்கள் எழுதிக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் யாரும் அதை உங்களிடம் ஒப்படைக்கவில்லை. நாளை பிரச்சினை வந்தால் “உங்கள் ஆள்தானே ஒப்புக்கொண்டார்” என்று அந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். “என் சார்பில் மட்டுமே நான் பேச முடியும், மற்றவர்களிடம் தனித்தனியே கேளுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

அதோடு நிற்காமல், அந்த மாற்று ஏற்பாட்டை நீங்களே பயன்படுத்துங்கள். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளை விட்டுக்கொடுத்து அன்று வேலைக்கு வருகிறோம், அதற்கு ஈடாகத் தைப்பூசத்தை எங்களுக்கு விடுமுறையாக மாற்றித் தாருங்கள் என்று விருப்பமுள்ள ஒவ்வொருவரும் எழுதிக்கொடுக்கலாம். நிர்வாகத்துக்கு ஒரு நாள்கூடக் கூடுதல் செலவில்லை. பொட்டலம் கட்டுவது, எந்திரம் துப்புரவு செய்வது போன்ற வேலைக்கு அன்று ஆள் தேவைப்படும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோரிக்கையை மறுக்க அவர்கள் காரணம் தேட வேண்டியிருக்கும்.

எம்.சி. வேண்டவே வேண்டாம்

அந்த இரண்டு பெண்களையும் தனியே அழைத்துப் பேசுங்கள். உடம்பு சரியாக இருக்கும்போது எம்.சி. வாங்குவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். காவடி எடுக்கும் படம் அன்றிரவே யாராவது ஒருவரின் கைப்பேசி வழியாக மனிதவளப் பிரிவுக்குப் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதும் ஆபத்து: அனுமதியும் தக்க காரணமும் இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால், தகவல் சொல்ல முயன்றதற்கும் சான்று இல்லாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்ததாகவே சட்டம் கருதும். பத்து ஆண்டு வேலையை ஒரு நாளுக்காகப் பணயம் வைக்க முருகன் கேட்கவில்லை.

ஒன்பது பாரமும் உங்கள் பாரமும்

இரண்டு இடத்துக்கு ஒன்பது பேரில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தேர்வை நீங்கள் செய்யாதீர்கள். யாருடைய வேண்டுதல் பெரிது என்று எடைபோடும் வேலையை ஒரு தொழிலாளியின் தலையில் கட்டுவதே தவறு. ஒன்பது பாரத்தையும், உங்களுடையதையும் சேர்த்துப் பத்தாக, கையெழுத்திட்டு அப்படியே மேலே அனுப்புங்கள். மறுப்பதானால் நிர்வாகமே எழுத்தில் மறுக்கட்டும்.

உங்களுக்கு ஆண்டு விடுப்பு 16 நாள் உண்டு. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்த எல்லாருக்கும் அதுதான் குறைந்த அளவு. ஆனால் எந்தத் தேதியில் எடுப்பது என்பதில் நிர்வாகத்துக்கும் பேச்சு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே விடுப்பை மட்டும் நம்பாமல் ஓய்வு நாளையும் பாருங்கள். ஷிப்ட் வேலையில் ஒவ்வொருவரின் வார ஓய்வு நாளையும் மாதம் தொடங்குமுன் பட்டியலிட்டு அறிவிக்க வேண்டும். இவ்வாண்டு பூசம் பிப்ரவரியில் வருவதால், ஜனவரி முடிவதற்குள் நாலைந்து பேரின் ஓய்வு நாளை அந்தத் தேதியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விடுப்புக் கணக்கும் குறையாது, இரண்டு பேர் என்ற வரம்பும் குறுக்கே வராது. மலாய்த் தோழிகள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளத் தயார் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோன்புப் பெருநாள் காலத்தில் நீங்கள் அவர்களுக்காக நின்றதை அவர்கள் மறக்கவில்லை. அந்த நேப்பாளத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள்; தசாயின் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாமல் ஆண்டுதோறும் அங்கேயே எந்திரத்தின் முன் நிற்பவர்கள் அவர்கள்.

இதற்கெல்லாம் பிறகும் மற்றப் பண்டிகைகளுக்கு இடம் கொடுத்து உங்களுக்கு மட்டும் கதவைச் சாத்தினால், தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ள திருத்தத்தின்படி (69எஃப் பிரிவு), வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாக வரும் புகாரை விசாரித்து உத்தரவிடத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. பாகுபாடு எது என்று சட்டம் வரையறுக்கவில்லை, ஆகவே வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். அதை முதல் அடியாக வைக்காமல் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளின் கேள்வி

இதற்குத்தான் நீங்கள் நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். நான் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி, அதைக் கேட்கும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள்.

மகளிடம் முதலில் இதைக் காட்டுங்கள்: மாற்றவே முடியாத ஐந்து நாட்கள் என்று மேலே சொன்னேனே, அவற்றில் ஒன்றுகூட மதப் பண்டிகை இல்லை. நோன்புப் பெருநாள் இல்லை, தீபாவளி இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை. இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்று 3ஆவது விதி சொல்லும் நாட்டில், தனியார் துறைத் தொழிலாளர் சட்டம் எந்த மதத்தின் பண்டிகையையும் கட்டாயமாக்கவில்லை. அதாவது அவர் கேட்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஏற்கெனவே இருக்கிறது. விளைவு என்ன? நோன்புப் பெருநாளையோ சீனப் புத்தாண்டையோ எந்தத் தொழிற்சாலையும் நீக்குவதில்லை, ஏனென்றால் அன்று வேலைக்கு ஆள் வராது, சரக்கு அனுப்புபவன் கடை திறக்க மாட்டான். ஆர்டர் குறைந்தபோது பட்டியலிலிருந்து கழன்று விழுந்தது தைப்பூசம். சட்டம் யார் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நின்றால், தலை எண்ணிக்கை அங்கே வந்து தீர்ப்புச் சொல்கிறது. பெரும்பான்மையின் பண்டிகைக்குச் சட்டத்தின் துணை தேவையில்லை. சிறுபான்மையின் பண்டிகைக்குத்தான் தேவை.

எல்லா மத விடுமுறைகளையும் எடுத்துவிட்டாலும் நாட்காட்டி வெறுமையாகிவிடாது. பேராக்கில் வார ஓய்வு சனி, ஞாயிறு. பக்கத்துக் கெடாவில் வெள்ளி, சனி. ஞாயிறு எந்தச் சமயத்திலிருந்து வந்தது, வெள்ளி எதிலிருந்து வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1905இலேயே தேவாலயத்தையும் அரசையும் சட்டம் போட்டுப் பிரித்த பிரான்ஸ், இன்றும் தன் 11 பொது விடுமுறைகளில் ஆறைக் கிறிஸ்தவ நாட்களாகவே வைத்திருக்கிறது. 2003இல் அங்கே அரசு அமைத்த ஓர் ஆணையம், யூதர்களின் யோம் கிப்பூரையும் முஸ்லிம்களின் ஹஜ்ஜுப் பெருநாளையும் பள்ளி விடுமுறையாக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. மதச்சார்பின்மை என்ற பெயரில் பழைய நாட்கள் தங்கின, புதியவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மகள் விரும்பும் சமத்துவம் இதுவாக இருக்காது என்று நம்புகிறேன்.

“பத்து நாள் பொதுவாகக் கொடுத்துவிடலாம்” என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை நீங்கள் மகளைவிட நன்றாக அறிவீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் எந்த நாளைக் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும். லைனில் நிற்பவர் கேட்டால் “இரண்டு பேர்தான்” என்ற பதில் வரும். பொது விடுமுறையின் அருமையே அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. உங்கள் பாட்டி காலத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வேலை நிற்கும். ஆனால் அது துரையின் தயவு, தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்த்துச் சொல்வது. அந்தத் தயவு சட்டத்தில் எழுதிய உரிமையாக மாற எவ்வளவோ பேர் உழைத்திருக்கிறார்கள். விண்ணப்பப் பாரத்தோடு வரிசையில் நிற்க வைப்பது நம்மைப் பழையபடி தயவுக்கே கொண்டுபோகிறது. என் கோபமெல்லாம் இதில்தான்.

ஆனால் உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி, அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாச் சமயத்தின் எல்லா நாட்களையும் அரசிதழில் ஏற்றிவிட முடியாது. சிங்கப்பூர் 1968இல் பொது விடுமுறைகளை 16இலிருந்து 11ஆகக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தவரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள். விடுமுறை போனதால் அங்கே தைப்பூசம் அழிந்துவிடவில்லை. இன்றும் காவடிகள் போகின்றன. ஆகவே “விடுமுறை போனால் பண்டிகையே போய்விடும்” என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். அங்கும் அன்று போக முடியாமல் தவிப்பவர் ஷிப்ட் தொழிலாளிதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டையும் இணைக்க வழி இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பொதுவான விடுமுறைகளோடு, ஒரு நீண்ட பட்டியலிலிருந்து அவரவர் விரும்பும் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. பொது நாட்களும் இருக்கும், சிறிய கூட்டத்தாருக்குத் தனி நாளும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் தயவாக வைக்காமல், அறிவித்தாலே போதும் என்ற உரிமையாக நம் சட்டத்திலும் எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

உங்கள் தோழிக்கு

புனித வெள்ளி சபா, சரவாக்கில் பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. உங்கள் தோழி கேட்ட கேள்வி உங்கள்மேல் உள்ள பொறாமை அல்ல. இன்று உங்களுக்கு வலிப்பது அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வலித்திருக்கிறது. தைப்பூசத்துக்காக நீங்கள் கேட்கும் அதே மாற்று ஏற்பாட்டை அவரும் கேட்கலாம்: ஆறு நாட்களில் தனக்கு வேண்டாத ஒன்றை விட்டுவிட்டுப் புனித வெள்ளியை எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தால் சட்டம் தடுக்காது. இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை போலும்.

கடிதங்களை அவரவர் தனித்தனியே எழுதட்டும், ஆனால் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய கடிதமும் அந்தக் கட்டில் இருக்கட்டும். விருப்பமிருந்தால் தசாயின் கேட்கும் நேப்பாளத் தோழர்களின் கடிதமும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: எந்த நாளை விடுகிறேன், எந்த நாளைக் கேட்கிறேன், தேதி, கையெழுத்து. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் மனிதவளப் பிரிவின் முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பட்டியலின் படத்தையும் நியமனக் கடிதத்தையும் முத்திரையிட்ட நகலையும் எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. போகும்போது குறைந்தது இன்னும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.